பை முடிகிற வரைக்கும்

“வெந்நீர் இனிமே கிடையாது. ஒரு மாசம் பச்சைத் தண்ணியில குளிங்க, கரைஞ்சு போயிட மாட்டீங்க” என்றாள் மனைவி, ஸ்டூலின் மேல் நின்றபடி.

குளியலறையில், ஷவருக்கும் கழிப்பறைப் பீங்கானுக்கும் நடுவே இருந்த கொக்கியில் அவள் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். தலையணை அளவுக்கு இருந்தது. உள்ளே அடுக்கடுக்காக வைக்கோல். வைக்கோலின் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பையின் கழுத்தை ஒரு பழைய அளவு டேப்பால் கட்டியிருந்தாள். நீளம் தப்பாகக் காட்டுகிறது என்று அவர் எப்போதோ ஒதுக்கி வைத்த டேப் அது.

“காளானை யாராவது கக்கூஸ்ல வளர்ப்பாங்களா?”

“இருட்டும் வேணும், ஈரமும் வேணும். நம்ம வீட்டுல ரெண்டும் இருக்கிற இடம் இதுதான். தவிர, யாருக்காக வளர்க்கிறேனோ அவரு பாதி நாள் இங்கதானே குடியிருக்காரு?”

அவர் அண்ணாந்து பையைப் பார்த்தார். எடை அளவுத் துறையில் முப்பது வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலுள்ள கடைகளின் படிக்கல்லையெல்லாம் தலைகீழாகத் திருப்பி, அடியில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்த்தவர். அக்கம்பக்கத்தில் அவருக்குத் தராசுக்காரர் என்றே பெயர். ஊர்த் தராசுகளையெல்லாம் சரியாக வைத்திருந்தவருக்குத் தன் வயிறு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தடவை, அதுவும் மனசு வைத்தால்தான்.

“சிப்பிக் காளான்ல நார்ச்சத்து இருக்கு. குடல்ல இருக்கிற நல்ல கிருமிக்கெல்லாம் இதுதான் சாப்பாடாம்” என்றாள் மனைவி.

“என் குடலுக்குள்ள இருக்கிறதுக்கெல்லாம் நீ ஏன் சமைக்கிறே?”

“முப்பத்தி நாலு வருஷமா அதுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறேன்.”

இறங்கினாள். கையைத் தட்டிக்கொண்டாள். “கதவைச் சாத்தி வைங்க. பத்து நிமிஷம் படுத்துட்டு வர்றேன்” என்றாள்.

அவர் கதவைச் சாத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனபின் மகள் மட்டும் இருந்தாள். வெளியூரில் பல் டாக்டர். அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை வாசற்படிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“தனியா இருக்க வேண்டாம்பா. கிளம்புங்க.”

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. மகள் பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

“மொட்டு வந்திருக்கு” என்றார் உள்ளேயிருந்து.

“என்னது?”

“பையில. குண்டூசித் தலை அளவுக்கு. அவ மாட்டின பை. இதை விட்டுட்டு எப்படி வர்றது?”

மகள் வந்து பார்த்தாள். பையின் ஓட்டையிலிருந்து சாம்பல் நிறத்தில் பத்துப் பதினைந்து மொட்டுகள் எட்டிப் பார்த்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, எவ்வளவு நாள்?” என்றாள்.

“பை முடிகிற வரைக்கும்.”

“முடிஞ்சதும் வந்துடணும். பேச்சு மாறக் கூடாது.”

“முத்திரை குத்தின கைம்மா இது. பேச்சு மாறுமா?”

அன்றிலிருந்து தராசுக்காரரின் குடித்தனம் அந்தப் பையை நம்பித்தான் நடந்தது. அது இருந்தால் அவர் இந்த வீட்டில். அது போனால் அவர் மகள் வீட்டில், எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாத ஓர் அறையில்.

அதனால் அவர் பையைக் காப்பாற்றப் புறப்பட்டார். காலை ஆறு, பகல் ஒன்று, மாலை ஆறு என்று மூன்று வேளை தண்ணீர் தெளித்தார். வெந்நீர் ஆவி படக்கூடாது என்று பச்சைத் தண்ணீரில் குளித்தார். பச்சைத் தண்ணீரின் சோப்பு நுரை பையில் தெறித்தது. பக்கெட்டை மூலைக்குத் தள்ளிவைத்துக் குந்திக் குளித்தார். எழுந்தபோது தலை பையில் இடித்து நான்கு மொட்டு உதிர்ந்தது. துக்கம் விசாரிக்க வந்த பழைய அலுவலக நண்பர் அவசரமாக உள்ளே போக வேண்டும் என்றபோது, “விளக்கைப் போடாதீங்க, வலது பக்கம் சாயாதீங்க, மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடுங்க” என்று சொல்லி அனுப்பினார். நண்பர் பாதியிலேயே வெளியே வந்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கடைசியில் துண்டும் சோப்புமாக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

“குளிக்கவா? சொந்த பாத்ரூம் இருக்கும்போதா? அங்க யாரு இருக்காங்க?”

“பை இருக்கு.”

டிரைவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் மனைவி, “உள்ள வாங்க அண்ணா, வெந்நீர் இருக்கு. ஆனா ஏழு மணிக்கு மேல வாங்க. அதுவரைக்கும் இவரு உள்ள உக்காந்திருப்பாரு” என்றாள்.

“ரகசியத்தையெல்லாம் ஊருக்குச் சொல்லு” என்றார் டிரைவர். “சார், முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவன் நான். ஸ்டாப் வந்தாத்தான் நிறுத்துவேன்னு வயித்துக்குச் சொல்லிச் சொல்லி, இப்போ ஸ்டாப் வந்தாலும் அது யாரையும் இறக்கிவிட மாட்டேங்குது.”

முதல் அறுவடை ஆறாம் நாள். கொத்தைப் பிடித்துத் திருகி எடுத்தார். நானூற்றுப் பத்து கிராம். வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கி, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். காது மடலைக் கடிப்பது போலிருந்தது. ஆனால் அவள் சொன்னாள் என்பதற்காகத் தினமும் சாப்பிட்டார்.

சாப்பிட ஆரம்பித்த ஐந்தாம் நாள் காலை அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்த முகத்தைப் பார்க்க வீட்டில் யாரும் இல்லை. அதுதான் சங்கடம். இந்த மாதிரிச் சேதியை அவர் ஆயுசிலேயே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறார். மாலை வரை அடக்கிவைத்திருந்து, மகள் போன் செய்தபோது சொல்லிவிட்டார்.

“அப்பா, நான் கிளினிக்ல இருக்கேன். ஸ்பீக்கர் போட்டிருக்கேன்.”

“நல்ல விஷயம்தானேம்மா.”

மகள் தினமும் மாலை ஆறரைக்குக் கூப்பிடுவாள். மூன்று கேள்வி. சாப்பிட்டீங்களா? வயிறு எப்படி? பை முடிஞ்சிடுச்சா? மூன்றாவது கேள்வியில் அவளுக்கிருந்த அவசரம் அவரைக் குத்தும். தான் ஏமாற்றவில்லை என்று காட்டுவதற்காக, அன்றைய அறுவடையையும் பையின் எடையையும் கிராம் சுத்தமாகச் சொல்லுவார். கொக்கிக்கும் டேப்புக்கும் நடுவே ஒரு தொங்கு தராசையே நிரந்தரமாக மாட்டிவைத்திருந்தார்.

மிஞ்சின காளான் டிரைவர் வீட்டுக்குப் போனது.

“இது நாய்க்குடை இல்லையே சார்?”

“சிப்பிக் காளான். நூத்தி எண்பது கிராம்.”

“எடைய யாரு கேட்டா? உசுருக்கு உத்தரவாதம் உண்டான்னு கேட்டேன்.”

முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினார். ஆனால் இரண்டு வாரத்தில் அந்த வீட்டுக் குளியலறை ஆறரைக்கே காலியாகிவிட்டது. தராசுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனம் முழுக்கப் பையின் மேல்.

பை இளைத்துக்கொண்டு வந்தது. முதலில் எடை போட்டபோது மூன்று கிலோ இருநூறு. மூன்றாவது அறுவடை முடிந்தபோது ஒரு கிலோ எழுநூறு. வெள்ளை போய்ப் பழுப்பாகியது. அவர் தண்ணீரை அதிகமாக்கினார். அடியில் நீர் தேங்கி நாற்றம் எடுத்தது. காய வைக்கலாம் என்று மின்விசிறியைக் கொண்டுபோய் வைத்தார். மேலே சுருங்கிப்போனது. சுருக்கம் போக ஈரத் துண்டைச் சுற்றிவைத்தார். துண்டைத் தேடி ஊரிலிருந்த சின்ன ஈயெல்லாம் வந்தது.

“இன்னிக்கு எவ்வளவுப்பா?”

“இருபது கிராம்.”

“ரொம்பக் குறைஞ்சிடுச்சே. பை முடிஞ்சிடுச்சா?”

“முடியல, முடியல. கொஞ்சம் அசதியா இருக்கு. அவ்வளவுதான்.”

“பைக்கு அசதியா?”

“மனுஷனுக்கு வர்றதில்லையா?”

மறுநாள் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். அதற்கு மறுநாள் டிரைவர் வீட்டில் குளித்துவிட்டு வந்து, இதுதான் கடைசி என்று நினைத்தபடி கதவைத் திறந்தார்.

பை வெள்ளைவெளேர் என்றிருந்தது. அதே கொக்கி. அதே அளவு டேப். தராசு மூன்று கிலோ நூற்றைம்பது காட்டியது.

வேறு யாராக இருந்தாலும் பையைச் சந்தேகித்திருப்பார்கள். தராசுக்காரர் தராசைச் சந்தேகித்தார். அதைக் கழற்றிக்கொண்டு தன் பழைய அலுவலகத்துக்கே போனார். ஒரு காலத்தில் அவரைக் கண்டாலே நடுங்கிய உதவியாளர் இப்போது அவருடைய நாற்காலியில் இருந்தார். எல்லாப் படிக்கல்லையும் மாட்டிப் பார்த்துவிட்டு, “தராசு கன கச்சிதமா இருக்கு சார்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டுல சாப்பாடெல்லாம் நேரத்துக்கு ஆகுதா சார்?” என்றார்.

தராசில் குற்றமில்லை என்றால் பையில்தான் ஏதோ இருக்கிறது. அவள் மாட்டிய பை. அவர் அதற்குமேல் யோசிக்க விரும்பவில்லை. அன்று மாலை மகள் கூப்பிட்டதும் முதல் சேதியாக அதைத்தான் சொன்னார்.

“மறுபடியும் தழைச்சிடுச்சும்மா.”

“அப்படியா?” என்றாள் மகள். பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இதே கூத்து நடந்தது. பை இளைக்கும், அவர் பெட்டியைத் தூசி தட்டுவார், பை தழைக்கும். நான்கு முறை நடந்தபின் அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. மாடிப்படியில் யாராவது வயிற்றைத் தடவினால் நிறுத்திவைத்துப் பேசினார். “நல்லா வேக வெச்சு சாப்பிடணும். ஆசைப்பட்டு நிறையத் தின்னா உப்பிசம் வந்துடும். ஆரம்பத்துல அம்பது கிராம், அப்புறம் நூறு.” மேல்வீட்டுக்காரர்கள் லிஃப்டில் போக ஆரம்பித்தார்கள்.

ஒன்பதாம் மாதம் அவர் செய்த காரியத்தைச் செய்யாமல் இருந்திருக்கலாம். ஃப்ரிட்ஜின் மேல் மனைவி ஒட்டிவைத்திருந்த சீட்டில் காளான் பண்ணையின் முகவரி இருந்தது. ஒன்பது மாத எடைகளையும் கட்டம் போட்டு எழுதி, ‘தங்களிடம் வாங்கிய ஒரே பை இன்றளவும் பலன் தருகிறது, நேரில் வந்து பார்க்கவும்’ என்று கடிதம் அனுப்பிவிட்டார்.

“யாரை வரச் சொன்னீங்க?” என்றார் டிரைவர், குளித்துவிட்டு வந்தவரிடம்.

“பண்ணைக்காரம்மாவை. சனிக்கிழமை வர்றாங்க.”

டிரைவர் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. “எதுக்கு சார் வம்பு? ஓடுற வண்டிய நிறுத்தி பானெட்ட ஏன் திறக்கறீங்க?”

“விஞ்ஞானத்துக்கு உதவட்டுமே.”

சனிக்கிழமை பண்ணைக்காரம்மா வந்தார். ஐம்பது வயது, ரப்பர் செருப்பு, விரல் நகமெல்லாம் வைக்கோல் கறை. கட்டம் போட்ட தாளை இரண்டு தடவை படித்தார்.

“சார், நான் பன்னிரண்டு வருஷமா இதே தொழில்ல இருக்கேன். ஒரு பை மூணு அறுவடை தரும். ரெண்டு மாசம். அதோட சரி.”

“இது தந்திருக்கே.”

“பார்க்கலாமா?”

குளியலறைக்குள் போனவர் செல்போன் விளக்கைப் போட்டார். தராசுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பண்ணைக்காரம்மா பையை முகர்ந்து பார்த்தார், அழுத்திப் பார்த்தார், பிறகு அடியைத் தூக்கித் திருப்பினார்.

“இங்க பாருங்க சார்.”

பையின் அடியில் ஊதா மையில் ஒரு தேதி இருந்தது.

“எங்க முத்திரை. போன மாசம் இருபதாம் தேதி கட்டின பை இது.”

தராசுக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து படித்தார். ஊரிலிருந்த கல்லையெல்லாம் திருப்பிப் பார்த்தவர், இதை ஒரு முறையும் திருப்பிப் பார்த்ததில்லை. அவள் மாட்டியது மாட்டியபடி இருக்கட்டும் என்று விட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒரு கிண்ணத்தோடு உள்ளே வந்தார். “சார், இன்னிக்கு எவ்வளவு தேறு...” பண்ணைக்காரம்மாவைப் பார்த்ததும் அப்படியே பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

“அட, நீங்களா!” என்றார் பண்ணைக்காரம்மா. “எதிர்வீடு உங்களதுதானே? நாங்க பை கொண்டுவந்து குடுக்கிற வீடு!”

டிரைவர் நின்றார். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி என்பது போல நின்றார்.

“டிரைவர்” என்றார் தராசுக்காரர்.

“சார்.”

“எத்தனை?”

“நாலு.”

“எப்போ?”

“நீங்க எங்க வீட்டுல குளிக்கும்போது. உங்க வீட்டுச் சாவி ஒண்ணு எங்ககிட்டதான் இருக்கே.”

சத்தம் கேட்டு டிரைவர் மனைவியும் வந்துவிட்டாள். நிலைமையைப் பார்த்ததும், “டேப்பை முடிச்சுப் போட்டது நான்தான் அண்ணா. இவருக்கு முடிச்சு வராது” என்றாள்.

“என்னைப் பார்க்கப் பாவமா இருந்துச்சா?”

“பாவமா?” டிரைவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “நீங்க பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா என் வயித்த யாரு சார் பார்ப்பாங்க? எங்க வீட்டுலயும் ஒரு பை தொங்கவிட்டுப் பார்த்தோம். பத்தே நாள்ல பச்சைப் பூசணம் பிடிச்சுடுச்சு. மணி அடிச்ச மாதிரி மூணு வேளை தண்ணி தெளிக்க எங்களால ஆகுமா? எட்டு வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் நான் பேப்பர் படிக்கணும்னா ஹால்ல உக்காந்து படிக்கிறேன்.”

தராசுக்காரர் சிரிக்கவில்லை. “அவ மாட்டின பை?” என்று கேட்டார்.

டிரைவர் மனைவிதான் பதில் சொன்னாள். “அது ரெண்டு மாசத்துலயே முடிஞ்சுடுச்சு அண்ணா. குப்பையில போட மனசு வரல. மொட்டைமாடி ரோஜாத் தொட்டியில உதிர்த்துவிட்டேன்.”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலைக்கு மேல் பை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதில் மொட்டு வந்திருந்தது. பண்ணைக்காரம்மா தாளை நான்காக மடித்து அவரிடமே கொடுத்தார்.

பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. பை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. கொடுத்த வார்த்தைப்படி பார்த்தால் ஏழு மாதத்துக்கு முன்பே அவர் இந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

எழுந்து பண்ணைக்காரம்மாவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, ஒரே ஒரு உதவி. இது எம் பொண்ணு காதுக்கு மட்டும் போகக் கூடாது. பை எப்போ முடியும், எப்போ முடியும்னு தினம் கேட்டுக்கிட்டே இருக்கா. தெரிஞ்சா நாளைக்குக் காலையில காரோட வந்து நிப்பா.”

டிரைவர் விட்டத்தைப் பார்த்தார். டிரைவர் மனைவி தரையைப் பார்த்தாள்.

“உங்க பொண்ணு பல் டாக்டருங்களா சார்?” என்றார் பண்ணைக்காரம்மா.

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் போட்டு, ‘எங்கப்பா பை முடியப் போகுது, சீக்கிரம் புதுசு ஒண்ணு எதிர்வீட்டுல குடுத்துடுங்க, அவருக்கு மட்டும் தெரியவே கூடாது’ன்னு சொல்றது அவங்கதானே சார்!”